ரெயூனியன் மழை, மலை, காடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் வரும் சொந்தக்காரர்கள், இங்கே, இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில், சேன்தாந்த்ரே பக்கம் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகள், அவர்களைக் கொண்டுவந்து விடும் அம்மா அப்பாக்கள் என்று எல்லாரும் மழையைப் பற்றியும் மலையைப் பற்றியும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதியே போட்டுவிடுகிறேன். வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை. ஆனால் மூன்றாவது கேள்வியைத் தாண்டிப் போய்விடாதீர்கள், வாக்குவாதம் கிளம்புவதே அதில்தான்.

1. இத்தனூண்டு தீவில் ஒரு பக்கம் கொட்டுகிறது, மறுபக்கம் காய்கிறது. எப்படி?

காற்று எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து வருவதும், அதன் வழியில் ஒரு பெரிய மலை நிற்பதும்தான் காரணம். ஆண்டின் பெரும்பகுதி இங்கே தென்கிழக்கிலிருந்து வியாபாரக் காற்று வீசுகிறது. நடுவில் தரையே இல்லாமல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடல்மேல் வருவதால் அது முழுக்க நனைந்துதான் வந்து சேர்கிறது. தீவின் நடுவில் பித்தோன் தெ நேழ் 3,070 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது, தென்கிழக்கில் பித்தோன் த லா ஃபூர்னேஸ் எரிமலை 2,600 மீட்டரைத் தாண்டி நிற்கிறது. காற்றுக்கு வேறு வழி கிடையாது. கொஞ்சம் பக்கவாட்டில் பிரிந்து ஓடும், மீதி மேலே ஏறியாக வேண்டும்.

ஏறும் காற்று விரிகிறது, விரிந்தால் குளிர்கிறது. மேகம் உண்டாகும் வரை கிலோமீட்டருக்கு 10 டிகிரி, அதற்கப்புறம் கொஞ்சம் மெதுவாக. குளிர்ந்த காற்றால் அவ்வளவு நீராவியைச் சுமக்க முடியாது. 25 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 23 கிராம் நீராவி வரை வைத்துக்கொள்ளும், 10 டிகிரிக்கு வந்தால் 9 கிராம்தான். மிச்சம் துளியாகி, மேகமாகி, கிழக்குப் பக்கத்து சேந்த் ரோஸ், சேன் பெனுவா, சலாசி மேட்டுப் பகுதிகளில் விழுகிறது. அங்கே சில சரிவுகளில் ஆண்டுக்கு 10,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. புதுச்சேரியில் ஆண்டு முழுக்கச் சேர்த்தே 1,300 மில்லிமீட்டர் அளவில்தான் என்பதை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலையைத் தாண்டிய காற்று மேற்கே இறங்குகிறது. இறங்கும்போது அமுங்கிச் சூடாகிறது, ஈரத்தை ஏற்கெனவே கிழக்கில் விட்டுவிட்டது. அதனால் சேன் ழீல் கடற்கரையில் ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர்கூடத் தேறாது. காரில் ஒன்றரை மணி நேரத்தில் நனைந்த ஊரிலிருந்து காய்ந்த ஊருக்குப் போய்விடலாம், சாலை நெரிசல் இல்லாவிட்டால். அந்த நெரிசல் இல்லாத நாளை நான் பார்த்ததில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மலை எவ்வளவு உயரமோ அவ்வளவு மழை என்று நினைக்கிறார்கள், அப்படி இல்லை. வியாபாரக் காற்றுக்கு மேலே வறண்ட, கொஞ்சம் சூடான ஒரு காற்றடுக்கு மூடிபோல உட்கார்ந்திருக்கிறது. மேகம் அதை முட்டி நின்றுவிடும். அதனால் சாதாரண நாட்களில் மழை மிகுதியாக விழுவது நடு உயரச் சரிவுகளில்தான். உச்சிக்கு ஏறினால் வெயில் அடிக்கும், காலுக்குக் கீழே மேகம் விரிந்து கிடக்கும்.

2. உலகிலேயே அதிக மழை இங்கேதான் என்கிறார்களே, அப்போ சிரபுஞ்சி?

இரண்டும் சரிதான், எந்தக் கால அளவுக்கு என்று கேட்க வேண்டும். ஒரு வருடக் கணக்கு சிரபுஞ்சிக்கு: 1860 ஆகஸ்ட் முதல் 1861 ஜூலை வரை 26,461 மில்லிமீட்டர். 48 மணி நேரச் சாதனையும் அதற்கே, 1995 ஜூனில் 2,493 மில்லிமீட்டர். ஆனால் ஒரே நாளில் அதிகம் என்றால் நம் தீவு. 1966 ஜனவரி 7, 8 தேதிகளில் தெனீஸ் புயல் வந்தபோது எரிமலைப் பக்கம் இருக்கும் ஃபோக்-ஃபோக் என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் பதிவானது. 2007 பிப்ரவரியில் கமேத் புயலின்போது கொமெர்சோன் பள்ளத்தில் மூன்றே நாளில் 3,930 மில்லிமீட்டர். 1980 ஜனவரியில் ஈயாசாந்த் புயல் போவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பத் திரும்ப வந்து, அதே கொமெர்சோனில் பதினைந்து நாளில் 6,083 மில்லிமீட்டர் கொட்டிவிட்டுப் போனது.

ஃபோக்-ஃபோக்கும் கொமெர்சோனும் 2,300 மீட்டர் அளவு உயரத்தில் இருக்கின்றன. இப்போதுதானே மேலே மழை குறைவு என்றாய் என்று கேட்பீர்கள். புயல் வந்தால் நான் சொன்ன அந்த வறண்ட மூடி காணாமல் போய்விடும். ஈரக் காற்று கடல் மட்டத்திலிருந்து பல கிலோமீட்டர் உயரம் வரை ஒரே தூணாக நிற்கும், மலை முழு உயரத்துக்கும் வேலை செய்யும். அதனால் சாதாரண மழைக்கு ஒரு வரைபடம், புயல் மழைக்கு வேறு வரைபடம்.

3. காடு இருந்தால்தான் மழை வரும் என்று பள்ளியில் படித்தோமே, உண்மையா?

எந்த நிலத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்தது. அமேசானுக்கு உண்மை. ரெயூனியனுக்குப் பெரும்பாலும் பொய். இதைச் சொன்னதும் 'நீ என்ன காட்டுக்கு எதிரியா' என்று முகத்தைத் திருப்பிக்கொள்பவர்கள் உண்டு, முழுதும் கேட்டுவிட்டுத் திருப்புங்கள்.

முதலில் அமேசான். அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக் காற்று தாழ்நிலக் காட்டின்மேல் நுழைகிறது, மழை பெய்கிறது, அந்தத் தண்ணீரை மரங்கள் ஆழமான வேர் வழியாக உறிஞ்சி இலை வழியாக மறுபடி ஆவியாக விடுகின்றன. அந்த ஆவியை அதே காற்று மேற்கே இன்னும் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போகிறது, மறுபடி மழை. இப்படிக் கடலிலிருந்து வந்த ஒரே நீர் ஆண்டீஸ் மலையை எட்டுவதற்குள் பலமுறை விழுந்து எழுந்துவிடும். 1970களில் பிரேசிலின் எனேயாஸ் சலாத்தி இதை மழைநீரை வைத்தே காட்டினார். ஆக்சிஜனில் கனமான வகை ஒன்று உண்டு, மழையில் அது முந்திக்கொண்டு விழும். அப்படியானால் கடலை விட்டு உள்ளே போகப் போக மழைநீரில் கனமானது வேகமாகக் குறைந்துகொண்டே வர வேண்டும். அமேசானில் எதிர்பார்த்த அளவு குறையவில்லை. விழுந்த நீரை மரங்கள் கிட்டத்தட்ட அதே கலவையோடு காற்றுக்குத் திருப்பிக் கொடுத்தால்தான் அப்படி நடக்கும். அமேசான் மழையில் கால் பங்கு முதல் பாதி வரை காடே திருப்பிக் கொடுத்த நீர் என்று கணக்குப் போடுகிறார்கள், ஆளுக்கு ஆள் எண் மாறும். அந்தோனியோ நோப்ரே என்ற பிரேசில் விஞ்ஞானி சொல்லும் கணக்குப்படி, அந்தக் காடு ஒரு நாளில் வானுக்கு அனுப்பும் நீர் 2,000 கோடி டன். அமேசான் ஆறு ஒரு நாளில் கடலில் கொட்டுவதே சுமார் 1,700 கோடி டன்தான்.

இப்போது நம் தீவு. நீளவாக்கில் 70 கிலோமீட்டர், குறுக்கே 50. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காற்று இரண்டு மூன்று மணி நேரத்தில் தீவைக் கடந்துவிடும். ஆனால் ஒரு நீராவித் துளி காற்றில் ஏறினால் மறுபடி மழையாக விழ சராசரியாக எட்டு, ஒன்பது நாள் ஆகிறது. சேன் பெனுவா மரத்திலிருந்து காலையில் கிளம்பிய ஆவி பெரும்பாலும் மதியத்துக்குள் கடலுக்கு மேல் போய்விடும், விழுவது மடகாஸ்கரிலா அதையும் தாண்டியா, யாருக்குத் தெரியும். பிற்பகலில் சரிவிலேயே எழும் மேகத்தில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனாலும் இங்கே மழையை இறக்குவது கடலும் காற்றும் மலையும்தான். நாளைக்கே தீவைச் சிமென்ட் போட்டு மூடினாலும் கிழக்கில் கொட்டத்தான் செய்யும்.

காட்டுக்கு இங்கே வேறு வேலை. விழுந்த நீரைத் தரையில் இறக்குவது, மண்ணைப் பிடித்து வைப்பது, மேகத்திலிருந்து நேரடியாக நீரை எடுப்பது. அது கீழே வருகிறது.

4. மலையும் தாழ்நிலக் காடும் ஒன்றுக்கொன்று என்ன கொடுத்து வாங்குகின்றன?

நிலம் பெரிதாக இருக்கும் இடத்தில் இந்தக் கொடுக்கல் வாங்கல் தெளிவாகத் தெரியும். அமேசானில் காடு அனுப்பும் ஈரக்காற்று ஆண்டீஸ் மீது மோதுகிறது, ஒரு பங்கு அங்கேயே கொட்டி ஆறாகித் திரும்பக் காட்டுக்கே ஓடி வருகிறது, மீதியை மலைச்சுவர் தெற்கே திருப்பிவிடுகிறது. அந்தக் காற்றோட்டம் பராகுவே, வடக்கு அர்ஜென்டினா, தெற்கு பிரேசில் வரை போய் மழை தருகிறது, 'பறக்கும் ஆறு' என்று அங்கே சொல்கிறார்களே அதுதான். மலை நீரை மட்டும் திருப்பி அனுப்புவதில்லை, மண்ணையும் அனுப்புகிறது. அமேசான் ஆற்றின் வண்டலில் பெரும்பகுதி ஆண்டீஸ் சரிவுகளில் அரித்தெடுத்தது. வெள்ளம் ஏறும் கரையோரக் காடுகள் ஆண்டுதோறும் அதை வாங்கித்தான் செழிக்கின்றன.

கீழே காட்டை அழித்தால் மேலே என்ன ஆகும் என்பதற்கு கோஸ்டாரிகா நல்ல உதாரணம். அங்கே மோன்தெவெர்தே என்ற மலையில் மேகக் காடு இருக்கிறது. காற்று வரும் பக்கத்துத் தாழ்நிலக் காட்டை வெட்டி மேய்ச்சல் நிலமாக்கிய பிறகு, அங்கிருந்து எழும் காற்று முன்பைவிடச் சூடாகவும் வறண்டும் இருக்கிறது, அதனால் மேகம் கட்டும் உயரம் மேலே போகிறது என்று 2001இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மேகம் சில நூறு மீட்டர் ஏறினால் போதும், மலைமுகட்டுக் காடு நனையாமல் போய்விடும். மலையில் ஒரு மரத்தைக்கூட யாரும் தொட்டிருக்க மாட்டார்கள், இருந்தும்.

5. நம் முன்னோர் கரும்பு போடுவதற்கு முன் இங்கே என்ன இருந்தது?

கிழக்கிலும் தெற்கிலும் கடற்கரையிலிருந்தே அடர்ந்த மழைக்காடு. அது நம்மவர்கள் வருவதற்கு முன்பே கணிசமாகப் போய்விட்டது, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் காப்பிக்காக வெட்டினார்கள், மொரீஷியஸ் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட, 1815க்குப் பிறகு பிரான்சுக்குச் சர்க்கரை கொடுக்கும் வேலை இந்தத் தீவின் தலையில் விழுந்தது. வெட்டியதும் உழைத்ததும் பெரும்பாலும் அடிமைகள். 1848 டிசம்பர் 20இல் அடிமைமுறை ஒழிந்த பிறகு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழ்நாட்டிலிருந்து நம்மவர்கள் திரளாக வந்தார்கள், கரும்பு இன்னும் மேலே ஏறியது. மேற்கு மேட்டில் கதை வேறு: ஜெரேனியம் என்ற வாசனைச் செடியிலிருந்து எண்ணெய் காய்ச்ச விறகு வேண்டும், அதற்காக மேட்டுக்காட்டு மரங்கள் போயின.

இன்று தாழ்நில மழைக்காடு என்று காட்ட மிச்சம் இருப்பது துண்டு துண்டாகத்தான். அதில் நல்ல துண்டு சேன் ஃபிலிப் பக்கம் மார் லோங். சில நூறு ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு ஓடிய தரைமேல் எழுந்த காடு அது. கல்லும் பாறையுமாக இருந்ததால் யாருக்கும் அங்கே கரும்பு போடத் தோன்றவில்லை, அதுதான் அதைக் காப்பாற்றியது. புதுக் குழம்பு ஆறிய இடத்தில் காடு எப்படி உண்டாகிறது என்று பார்க்க வேண்டுமானால் அங்கிருந்து சாலை வழியாக வடக்கே போனால் போதும். 2007 ஏப்ரலில் ஓடிய குழம்பு கறுப்பாக ஆறிக் கிடக்கிறது, சாம்பல் நிறத்தில் முதலில் பிடிப்பது கற்பாசி, பிறகு பெரணி, பிறகு சிறு மரம். மழை இவ்வளவு இல்லாவிட்டால் இந்த வேகத்தில் நடக்காது.

6. மேகக் காடு என்றால் என்ன? மேகத்தில் தண்ணீர் எடுக்க முடியுமா?

மரத்தால் முடியும். சுமார் 1,000 மீட்டருக்கு மேல் சரிவில் தினமும் மேகம் வந்து உட்கார்கிறது. மழையாக விழும் அளவுக்குத் துளி பெரிதாகவில்லை, ஆனால் இலையிலும் பாசியிலும் கிளையிலும் பட்டால் ஒட்டிக்கொள்ளும், சேர்ந்து சொட்டும். மழைமானி வெட்டவெளியில் வைத்திருந்தால் இந்த நீர் அதில் பதிவாகாது, மரத்தடியில் நின்றால் சட்டை நனையும்.

பெபூர், பெலூவ் காடுகளுக்குப் போனவர்களுக்கு இது புரியும். மரத்தின் தோலே தெரியாத அளவுக்குப் பாசி, அதன்மேல் தொற்றுச்செடிகள், இடையில் ஆள் உயரத்துக்கு மேல் மரப்பெரணிகள். பெலூவில் தாமரேன் மரங்கள் புயலில் சாய்ந்து, சாய்ந்தபடியே மறுபடி மேல்நோக்கி வளர்ந்து கோணல் மாணலாக நிற்கும். இந்தப் பாசிப் படலம்தான் நீர்த்தொட்டி. பெபூரில் ஊறும் நீர் மார்சுவேன் ஆறாகி, தகமகா பள்ளத்தாக்கில் மின்சாரம் எடுத்துக்கொடுத்து, சேன் பெனுவாவில் கடலில் சேர்கிறது. வீட்டில் விளக்கு எரிவதில் அந்தப் பாசிக்கும் பங்கு உண்டு.

7. இவ்வளவு மழை பெய்தும் ஓடைகள் ஏன் வறண்டு கிடக்கின்றன?

தரை பசால்ட் என்ற எரிமலைப் பாறை. புதிய பசால்ட்டில் விரிசலும் குமிழும் ஏராளம், ஊற்றிய நீர் அரிசி களையும் கூடையில் இறங்குவதுபோல் கீழே போய்விடும். எரிமலைச் சரிவில் ஆண்டுக்குப் பல மீட்டர் மழை பெய்யும் இடத்திலும் நிரந்தர ஓடை ஒன்றைத் தேட வேண்டியிருக்கிறது. போன நீர் உள்ளே பயணம் செய்து, எங்கேயாவது இறுக்கமான பழைய பாறை அடுக்கைச் சந்தித்தால் பக்கவாட்டில் ஊற்றாக வெளியே வரும். சலாசியின் அருவிகள் பல இப்படித்தான், மழை நின்று பல நாள் ஆனாலும் பாறை முகத்திலிருந்து வழிந்துகொண்டே இருக்கும். வேறு சில ஊற்றுகள் கடலுக்கு அடியிலேயே போய்த் திறக்கின்றன.

கடலோரத்தில் இந்த நன்னீர், பாறைக்குள் புகுந்த உப்பு நீர்மேல் மிதக்கிறது. நிலத்தடி நீர்மட்டம் கடலைவிட ஒரு மீட்டர் மேலே இருந்தால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது பழைய கணக்கு. இதைத் திருப்பிப் பாருங்கள்: பம்பு போட்டு ஒரு மீட்டர் இறக்கினால் கீழே 40 மீட்டர் உப்பு ஏறத் தயாராகிறது. மேற்குக் கடற்கரைக் கிணறுகளில் அளவு மீறி இறைக்கக்கூடாது என்று சொல்வது இதற்காகத்தான்.

8. பெரிய மழைக்கு அடுத்த நாள் குழாயில் சேற்று நீர் வருவது ஏன்?

ஊருக்கு ஊர் நீர் எடுக்கும் இடம் வேறு. கிணற்று நீர் என்றால் பாறையே வடிகட்டிவிடும். ஆற்றிலிருந்தும் ஓடையிலிருந்தும் நேராக எடுக்கும் ஊர்களில் கனமழை வந்தால் மண் கலந்துவிடும், சரிவு அவ்வளவு செங்குத்து. கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று அறிவிப்பு வந்தால் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் முக்கியமாக.

9. மேற்கே மழையே இல்லை, பிறகு அங்கே கரும்பும் நீச்சல் குளமும் எப்படி?

கிழக்கிலிருந்து தண்ணீர் மலையைக் குடைந்து போகிறது. 1989இல் தொடங்கிய வேலை, முழுதாக முடிய இருபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. சலாசி, மஃபாத் பள்ளத்தாக்குகளில் ஆற்று நீரைப் பிடித்து, மொத்தம் 30 கிலோமீட்டர் அளவுக்குச் சுரங்கம் வழியாக மேற்கே சேன் போல் பக்கம் கொண்டுவருகிறார்கள். பம்பு இல்லை, சரிவிலேயே ஓடுகிறது. குடையும்போது மலைக்குள் தேங்கியிருந்த நீர் பீறிட்டு வேலையையே நிறுத்தியது, ஏழாவது கேள்வியில் சொன்ன நீர்தான் அது, மலைக்குள் எவ்வளவு இருக்கிறது என்று தோண்டியவர்களுக்கே அப்போதுதான் தெரிந்தது.

யோசித்தால், காற்று செய்ய மறுத்த வேலையை மனிதர்கள் சுரங்கம் போட்டுச் செய்திருக்கிறார்கள். கிழக்கில் எங்கள் பக்கத்தில் 'நம் தண்ணீர் அங்கே போகிறது, இங்கே குழாய் காற்று விடுகிறது' என்று முணுமுணுப்பு உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. கிழக்கில் குழாய் வறள்வதற்குப் பெரும்பாலும் ஒழுகும் பழைய குழாய்களும் சேமிக்க இடமில்லாததும் காரணம், ஆற்றில் நீர் இல்லாததல்ல. ஆனால் வறண்ட காலத்தில், அதாவது இங்கே மே முதல் நவம்பர் வரை மழை குறையும் மாதங்களில், ஆற்றில் மீனுக்கும் இறாலுக்கும் எவ்வளவு விட வேண்டும் என்ற கேள்வி நியாயமானது.

10. மரம் நட்டால் தண்ணீர் கூடும்தானே?

கூடவும் செய்யும், குறையவும் செய்யும். இதில் தென்னாப்பிரிக்காக்காரர்கள் நம்மைவிடத் தெளிவு. ஸ்டெல்லன்பாஷ் அருகே யோங்கர்ஸ்ஹூக் பள்ளத்தாக்கில் 1930களிலிருந்து ஓடைகளை அளந்து வந்தார்கள், ஒரு சரிவில் பைன் மரம் நட்டு, பக்கத்துச் சரிவை இயற்கையாக இருந்த புதரோடு விட்டு. பைன் வளர வளர ஓடை மெலிந்தது. வேகமாக வளரும் மரம் நிறையக் குடிக்கும், அவ்வளவுதான். அதனால்தான் அங்கே 1995இல் நீரைக் குடிக்கும் அந்நிய மரங்களை வெட்டுவதையே அரசு வேலைத்திட்டமாக ஆரம்பித்தார்கள். நீலகிரியில் புல்வெளியில் யூகலிப்டஸும் சீகை மரமும் நட்டு ஓடைகளை மெலிய வைத்த கதையும் இதே கதை.

ஆக, 'எந்த மரம், எங்கே, எதன் இடத்தில்' என்று கேட்காமல் நடுவது வீண். மேகம் உட்காரும் சரிவில் உள்நாட்டு மரமும் பாசியும் இருந்தால், அது குடிப்பதில் ஒரு பங்கையாவது மேகத்திலிருந்து திரும்பச் சம்பாதித்துவிடும். வறண்ட சரிவில் அந்த வரவு கிடையாது. இங்கே நமக்குப் பெரிய தொல்லை சிவப்புக் கொய்யா, உள்நாட்டுக் காட்டுக்குள் புகுந்து வேறு எதையும் முளைக்க விடுவதில்லை. பழம் நன்றாக இருக்கிறது, ஜாம் போடலாம், பறித்துத் தின்னுங்கள். விதையைக் காட்டில் துப்பாதீர்கள்.

11. இந்தக் காற்றுக்கும் ஊர் மழைக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

உண்டு, எனக்கு மிகப் பிடித்த பதில் இதுதான். தீவுக்குத் தெற்கே கடலில் மஸ்கரேன் உயரழுத்தம் என்று, காற்றழுத்தம் மிகுந்த ஒரு பகுதி இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அது வலுவாகி, நம் கிழக்குக் கரையில் அடிக்கும் வியாபாரக் காற்றைத் தள்ளிவிடுகிறது. இந்தப் பகுதிக் கடலிலிருந்து கிளம்பும் அந்தக் காற்றோட்டம் வடமேற்கே போய், ஆப்பிரிக்கக் கரையோரம் பூமத்திய ரேகையைக் கடந்து, வலப்பக்கம் திரும்பி, அரபிக் கடலைத் தாண்டிக் கேரளத்தில் மோதுகிறது. அங்கே பெயர் தென்மேற்குப் பருவக்காற்று. ஆப்பிரிக்கக் கரையோரம் வேகமாக ஓடும் அந்தத் தாழ்நிலைக் காற்றோட்டத்தை 1969இல் ஃபிண்ட்லேட்டர் என்ற வானிலை ஆய்வாளர் விவரித்தார். இங்கே சேந்த் ரோஸ் கரையில் முகத்தில் அடிக்கும் காற்றுக்கும் குற்றாலச் சாரலுக்கும் உறவு இருக்கிறது என்றால் சித்தப்பாமார் நம்ப மறுக்கிறார்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே நடப்பதைப் பெரிய அளவில் செய்கிறது: கேரளச் சரிவில் கொட்டுகிறது, தமிழ்நாட்டுப் பக்கம் மழைமறைவு. அங்கே மலைக்குக் கிழக்கே தரை நீண்டு கிடப்பதால் காடு விடும் ஆவி உடனே கடலுக்குப் போய்விடாது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள் விடும் ஈரம் தமிழ்நாட்டின் தென்மேற்குப் பருவ மழையில் கணிசமான பங்கு வகிக்கிறது என்று 2018இல் மும்பை ஐஐடி ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆக மூன்றாவது கேள்விக்கு ஊரில் பதில் கேட்டால், அமேசான் அளவுக்கு இல்லாவிட்டாலும் 'ஆமாம்' பக்கம்தான் சாயும்.

12. புயல் வந்தால்தான் தண்ணீர் என்கிறார்களே?

மேற்கே பல இடங்களில் ஒரு சில பெருமழைகள்தான் ஆண்டுக் கணக்கைத் தீர்மானிக்கின்றன, அந்த அளவில் சரி. புயலே வராத ஆண்டில் நிலத்தடி நீர் சரியாக நிரம்பாது. அதற்காகப் புயலை வேண்டிக்கொள்ள மாட்டேன். 2025 பிப்ரவரி 28இல் காரான்ஸ் புயல் வடக்கில் கரையேறியபோது உயிர்கள் போயின. ஒரேயடியாகக் கொட்டும் நீரில் பெரும்பகுதி மண்ணோடு கடலுக்கே போய்ப் பவளப்பாறையை மூடுகிறது.

13. உலகம் சூடாவதால் இது மாறுமா?

ஒவ்வொரு டிகிரிக்கும் காற்று ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் நீராவி சுமக்கும், புயல் மழை கனக்கும். இடைப்பட்ட நாட்களில் வறட்சியும் கூடும். மேகம் கட்டும் உயரம் மேலே போனால் பெபூர் போன்ற காடுகளுக்குத்தான் முதல் அடி. மலைச்சரிவில் கொஞ்ச தூரம் மேலே நகர இடம் உண்டு, உச்சி வந்துவிட்டால் அதற்கு மேல் இடம் கிடையாது.

14. ஊரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், இதையெல்லாம் எங்கே காட்டலாம்?

காலையில் சீக்கிரம் கிளம்புங்கள், அதுதான் முதல் விதி. மாயிதோ முகட்டுக்கு, 2,200 மீட்டர், விடியும்போது போய்விட்டால் மஃபாத் பள்ளத்தாக்கு முழுதும் தெரியும். பத்து மணிக்கு மேல் போனால் வெள்ளைச் சுவரைத்தான் பார்ப்பீர்கள், வெயிலில் சூடான சரிவு கடற்காற்றை மேலே இழுத்து மேகம் கட்டிவிடும். பெலூவுக்குச் சேற்றில் நடக்கும் செருப்பு வேண்டும், பட்டுப்புடவையோடு வந்து நிற்காதீர்கள், ஒரு அத்தை அப்படி வந்தார். மார் லோங்கில் வேர் தடுக்கும், பெரியவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போங்கள்.

ஓடையில் குளிப்பவர்களுக்கு: தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் மேட்டில் மழை பெய்துகொண்டிருக்கலாம், தண்ணீர் நிறம் மாறினாலோ இலை தழை மிதந்து வந்தாலோ உடனே கரையேறுங்கள். தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் கணுக்கால் அளவாக இருந்தாலும் காரை விடாதீர்கள். தகமகா பக்கம் போவதானால் குடை வேண்டாம், மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள், அந்தக் காற்றில் குடை நிற்காது.